வைத்த நேரம், எடுத்த நேரம்

கொடைக்கானலில் ரத்தம் எடுப்பது லேசான காரியமில்லை. டிசம்பர், ஜனவரியில் காலை எட்டு மணிக்கு வருகிறவர்களுக்குக் குளிரில் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நான் முதலில் அவர்கள் கையை என் இரண்டு கைகளுக்குள் வைத்துச் சூடுபடுத்துவேன். பிறகுதான் ஊசி. இருபத்திரண்டு வருடத்தில் நான் இரண்டாவது முறை குத்தியது அபூர்வம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏட்டையா எழுதிய தாளில் தொழில் என்ற இடத்தில் 'ரத்தம் எடுக்கிற பெண்' என்று இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. அதனால்தான் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் பெயர் ஆக்ஸிலியா. வயது நாற்பத்தாறு. மதுரையில் லேப் டெக்னாலஜி டிப்ளமோ படித்தேன். வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்ஸி. முடித்தேன். நாற்பது வயதில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது, முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். பரீட்சை முடிவு வந்தபோது அவர்களில் யாரும் எனக்கு முன்னால் இல்லை. ஒரு நோயாளிக்கு என்ன வியாதி என்று டாக்டர் சொல்கிறார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பத்தில் ஏழு முறை அதை லேப் சொல்கிறது. டாக்டர் அதை உரக்கப் படிக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் செந்தில்வேல் போன வருடம் வந்தார். பெரிய படிப்பு, நல்ல சட்டை. வார்டுக்குள் அவர் நடந்து வந்தால் பின்னால் நாலு பேர் ஓடி வர வேண்டும். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். சில அளவுகள் உயிருக்கு ஆபத்தானவை. அப்படி ஓர் எண் வந்துவிட்டால் ரிப்போர்ட் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். அவர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குச் சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்று குறித்துவைக்க வேண்டும். இருபத்தோரு வருடம் நான் அதைத் தவறாமல் செய்தேன்.

ஆகஸ்டில் ஒருநாள் வார்டிலிருந்து ஒரு ரத்தம் வந்தது. எடுத்தது நான் இல்லை, புதிதாக வந்த நர்ஸ். இறுக்கிக் கட்டி, உறிஞ்சி, ஊசி வழியாகவே குழாயில் பீய்ச்சியிருந்தாள். அப்படிச் செய்தால் ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்துவிடும். எண் பொய்யாக ஏறும். அளவு 6.9. டாக்டர் செந்தில்வேலுக்குப் போன் செய்தேன். சாம்பிள் உடைந்திருக்கிறது, வேறு ரத்தம் அனுப்புங்கள் என்றும் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஓடிப்போய் ஊசி போட்டார். மறுபடி எடுத்துப் பார்த்தால் 4.3. நோயாளிக்கு ஒன்றும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த நர்ஸும் லேப் மேல் பழியைப் போட்டாள்.

டாக்டர் லேப் வாசலுக்கு வந்தார். உள்ளே பயிற்சிக்கு வந்த இரண்டு மாணவிகள் ஸ்லைடுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இனிமே எனக்கு போன் பண்ணாத. ரிப்போர்ட்ட அடிச்சு தட்டுல வையி, அதான் ஒன் சோலி. படிச்சவன் பாத்துக்குவான். ட்யூப் கழுவுறவங்க எல்லாம் எனக்கு ட்ரீட்மென்ட் சொல்ல வேணாம்."

நான் "சரிங்க டாக்டர்" என்றேன். மாணவிகளில் ஒருத்தி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். கோபம் வரவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி வந்தது. படித்தவன் பார்த்துக்கொள்வான் என்றாரே, பார்க்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அவர் சொன்னபடி நடப்பது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று கோடு போட்டேன். தட்டில் வைத்த நேரம். டாக்டர் எடுத்த நேரம். நோயாளியின் நிலை.

முதல் வாசிப்பு, அதாவது முதல் ரீடிங், கஸ்பார். ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. சர்க்கரை 38. அந்த அளவில் மனிதன் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிவிடுவான். காலை 10.40க்குத் தட்டில் வைத்தேன். 12.50 வரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் இடையில் அவர் மனைவி கித்தேரியம்மாள், "இந்த மனுசனுக்குப் பசி தாங்காது, வேர்த்து வேர்த்துக் கெடக்கு" என்று பிளாஸ்கில் இருந்த காப்பியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்துவிட்டார். கஸ்பார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதனால் அந்த வாசிப்பு கெட்டுப்போனது. இருந்தாலும் நோட்டில் எழுதினேன். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

ஒரு வாசிப்பை வைத்து யாரும் முடிவுக்கு வரமாட்டார்கள். இதை முதல் வருடத்திலேயே சொல்லித்தருகிறார்கள். எந்தச் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இரண்டாவது வேலப்பன். பண்ணைக்காட்டில் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். வயிற்றுவலி என்று வந்தார். மலம் கறுப்பாகப் போகிறது என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார், நர்ஸ் அதை எழுதவில்லை. பதின்மூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 4.9. உள்ளே எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. 11.05க்குத் தட்டில் வைத்தேன். டாக்டர் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு 1.30க்கு எடுத்தார். அதன் பிறகுதான் ஓட்டமும் கூச்சலும். ஆம்புலன்ஸ் வத்தலக்குண்டு இறக்கத்தில் பாதி போகும்போது வேலப்பன் இறந்துவிட்டார். எல்லோரும் ரோட்டைத் திட்டினார்கள். கீழே பெரிய ஆஸ்பத்திரி இருந்து என்ன பிரயோஜனம் என்று டீக்கடையில் பேசினார்கள். இரண்டரை மணி நேரம் ஒரு தாள் தட்டில் கிடந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இந்த ஊருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது.

வேலப்பனை நினைத்து எனக்கு வருத்தம் இல்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இருந்தது. பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டேன். ஆனால் வருத்தம் வேறு, முடிவு வேறு. இரண்டு முறை நடந்ததைத் தற்செயல் என்று வக்கீல் வாதாடிவிடலாம். மூன்றாவது வேண்டும்.

மூன்றாவது அன்னக்கொடி. ஜனவரி எட்டாம் தேதி வந்தார். பேத்துப்பாறை, வயது முப்பத்து நாலு. தோட்டக் கூலி, சீசனில் வில்பட்டிப் பக்கம் போய்க் கேரட் கழுவுவார். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி மாசக்கணக்காக முழுங்கியிருக்கிறார். இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, கால் துவளுகிறது என்றார். அவர் கை பச்சைத் தண்ணீரில் ஊறி ஊறி விறைத்துப் போயிருந்தது. வெகுநேரம் பிடித்துச் சூடாக்கினேன்.

"ஒங்க கை மட்டும் கணகணன்னு இருக்கேங்க டீச்சர்," என்றார். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் பார்த்து டீச்சர் என்று நினைத்துவிட்டார். "வெரசா சொல்லிருவீங்களா? புள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்துருங்க. மூணு மணி பஸ்ஸ விட்டா சங்கடம்."

"சொல்லிருவேம்மா," என்றேன்.

ரத்தத்தை நானே எடுத்தேன். மெஷினில் சுழற்றியதும் மேலே தெளிந்த சீரம் இளமஞ்சள், ஒரு துளி சிவப்புக் கிடையாது, அணுக்கள் உடையவில்லை. பொட்டாசியம் 7.4. மறுபடி ஓட்டினேன். 7.4. ஐந்தைத் தாண்டக் கூடாத எண் அது. இந்த முறை அது பொய் எண் இல்லை. இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடும். உடனே ஊசி போட்டால் நிற்காது. மருந்து வார்டில் இருந்தது. இருபது அடி தூரம்.

போன் என் மேசையில்தான் இருந்தது. நான் தொடவில்லை. தொடாதே என்பதுதான் எனக்கு இடப்பட்ட உத்தரவு. ரிப்போர்ட்டை அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்னக்கொடி 11.58க்கு இறந்தார். அவர் கணவர் வராந்தாவில் நின்று யாரிடமும் எதுவும் கேட்காமல் அழுதுகொண்டிருந்தார். டாக்டர் 12.15க்கு வந்து தட்டில் இருந்த தாளை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்.

மறுநாள் நோட்டை ஒரு புகார் மனுவோடு சேர்த்து நிர்வாகி சைமனிடம் கொடுத்தேன். ஒரு டாக்டர் தன் நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை என்று தேதி, நேரத்தோடு எழுதியிருந்தேன். சைமன் படித்தார். திரும்பப் படித்தார். "ஆக்ஸிலியா, இது எல்லாத்தையும் நீ பாத்துக்கிட்டே இருந்தியா?" என்று கேட்டார். பார்க்காமல் எப்படி நேரம் எழுதுவது? இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரி நடக்கிறது. அவர் டாக்டரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். உங்களைக் கூப்பிட்டார்.

இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் செந்தில்வேல் தன் வாக்குமூலத்தில், அன்றைக்குப் பதினொன்றரை மணிக்கு லேப் வாசலுக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். வந்தார். கையில் இசிஜி தாள் இருந்தது, மூச்சு வாங்கியது.

"மேடம்," என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அந்தப் பேத்துப்பாறை அம்மா பொட்டாசியம் வந்துருச்சுங்களா? இசிஜி ஒரு மாதிரி இருக்கு. போன தடவை மாதிரி அவசரப்பட்டுற வேணாம்னு பாக்குறேன். நீங்களே ரத்தம் எடுத்தீங்களாமே. நீங்க நம்பர் சொன்னா அதை வச்சு ஆரம்பிச்சிருவேன்."

ரிப்போர்ட் என் கையில்தான் இருந்தது. கோட்டு மடிப்புக்குள் அதை மறைத்துக்கொண்டு, "மெஷின்ல ஓடிக்கிட்டு இருக்குங்க டாக்டர். இன்னும் அரை மணி நேரம் ஆகும்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வார்டுக்குப் போனார். நான் 11.40க்கு அதைத் தட்டில் வைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்கிறீர்கள். சோதனை நடுவில் இருக்கும்போது ஒருவர் வந்து கேட்டுவிட்டார் என்பதற்காக ஐந்து மாத உழைப்பை வீணாக்க முடியாது. ஒத்துவராத வாசிப்பு ஒன்று வந்தால் காரணம் தேடி அதைத் தள்ளிவைப்பதும் எங்கள் படிப்பில் இருக்கிறது. அவர் வந்தது தட்டுக்கு இல்லை, லேப் வாசலுக்கு. அதனால் அதை நோட்டில் சேர்க்கவில்லை. வைத்த நேரம் 11.40, எடுத்த நேரம் 12.15, நோயாளி இறந்துவிட்டார் என்று எழுதி, கீழே சிவப்பு மையில் முடிவை எழுதினேன்: டாக்டர் செந்தில்வேல் தன் நோயாளிகளின் ரிப்போர்ட்டைக் கேட்டு வருவதே இல்லை.