மீஞ்சூரிலிருந்து வந்த கார்டு

தபால் இலாகாவைக் குறை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஃப்ளோரன்ஸ். மீஞ்சூரில் காலையில் பெட்டியில் போட்ட கார்டு மறுநாள் மத்தியானம் ராயபுரத்தில் என் கைக்கு வந்துவிடும். மழையானாலும் வந்துவிடும். சில கார்டுகள் வராமலே போயிருந்தால் தேவலை என்று நினைத்ததுண்டு. அது தபால்காரன் தப்பில்லை.

உட்கார், கண்ணு. காலடிப்பேட்டையிலிருந்து இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கிறாய், முதலில் தண்ணீர் குடி. உன் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரைப் போடவே கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள், அதுதானே? பெரியம்மா ஏதாவது செய்யுங்கள் என்று அழுகிறாய். அழாதே. அச்சாபீஸ்காரன் நாளைக்குத்தானே கேட்டிருக்கிறான்? நேரம் இருக்கிறது. அவசரப்படாமல் சொல்கிறேன்.

நம் கோயில் அந்தோனியார் பீடத்தின் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறதல்லவா, நன்றிக் கடிதம் போடுகிற பெட்டி? வேண்டுதல் பலித்தவர்கள் எழுதிப் போடுவார்கள், செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிந்ததும் நாலைந்தை வாசிப்போம். எதை வாசிப்பது, எதைக் கிழிப்பது என்று பார்க்கிற வேலையைச் சாமியார் எனக்குக் கொடுத்திருந்தார். நான் ஐந்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவளில்லை. ஆனால் கடிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பொய்க் கடிதம் முழுக்க இனிப்பாக இருக்கும். மெய்க் கடிதத்தில் எங்காவது ஒரு சின்ன முணுமுணுப்பு இருக்கும். 'மூணு செவ்வாய் வந்தேன், பஸ்ஸில் செருப்பு அறுந்தது, நாலாவது செவ்வாய் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது' என்று ஒருத்தி எழுதினால், அந்தச் செருப்புக்காகவே அதை நம்பலாம்.

இது வெளியே பரவி, ஜனங்கள் விளம்பரங்களையும் என்னிடம் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். டானிக், ரேடியோ, தையல் மிஷின். எல்லாக் கம்பெனி கேட்லாக்கிலும் கடைசிப் பக்கத்தில் 'உபயோகித்தவர்கள் எழுதுகிறார்கள்' என்று கடிதம் போடுவான், கீழே பெயரும் ஊரும் இருக்கும். அந்தப் பெயருக்கு நான் ஒரு ரிப்ளை கார்டு போடுவேன். ரெண்டு கார்டு ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்றில் நாம் எழுதுவது, மற்றதில் நம் விலாசம். கிடைத்தவர் அதைக் கிழித்து எழுதித் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆள் நிஜமாக இருந்தால் பதில் வரும். இல்லையென்றால் 'அப்படி யாரும் இல்லை' என்று முத்திரை குத்தி நம் கார்டே திரும்பும். ஞானம் சொன்னால் தப்பாது என்று ஊரே பேசிற்று. அந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு பழகிவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அறுபத்தாறாம் வருஷம். உனக்கு ஏழு வயது. உன் அப்பா இக்னேஷியஸுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துப்போய், வேலை இல்லாமல் வீட்டில் கிடந்தான். அம்மா அடைக்கலமேரி கோதுமை குடோனில் பெருக்கிச் சிந்தினதை அள்ளுகிற வேலைக்குப் போனாள். அந்த குடோனில் புறா தொல்லை. சொந்தமாக ஏர்கன் துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்குப் புறா விரட்டுகிற வேலை தருகிறேன் என்று கண்ட்ராக்டர் சொன்னான். மூட்டை தூக்க வேண்டாம், நின்ற இடத்தில் வேலை, மாசச் சம்பளம். உன் அப்பாவுக்கு அது ஒன்றுதான் வழி.

வடக்கே ஏதோ ஒரு துப்பாக்கிக் கம்பெனியின் கேட்லாக்கை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்கு வந்தான்.

"அக்கா, இதுல எது நெசம், எது டூப்புன்னு பாத்து சொல்லுக்கா. தப்பா வாங்கிட்டேன்னா பேஜாராயிடும்."

ஆறு கடிதம் இருந்தன. ஐந்து சர்க்கரை. ஒன்று மட்டும் மீஞ்சூர் அரிசி மில் காவல்காரர் வேலப்பன் எழுதியது: 'துப்பாக்கி வந்து சேர இருபது நாள் ஆயிற்று, அதுவரை உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கட்டை கனம். தோள் வலிக்கிறது. ஆனால் இப்போது மில்லில் ஒரு எலி இல்லை.' அவருக்குக் கார்டு போடுகிறேன், நாலு நாள் பொறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும்தான் போனேன். கோயில்பிள்ளை அம்புரோஸ், மெழுகுவத்தி அணைத்துக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"கார்டு வந்தப்புறம் இன்னா, தோ இந்த ஸ்டேண்டுகூட சொல்லும். கார்டு வராம சொல்லேன் பாப்போம். அப்ப ஒத்துக்கறேன் உன்னிய."

முப்பது பேராவது இருந்திருப்பார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கேட்லாக்கை மூடி இக்னேஷியஸ் கையில் கொடுத்தேன்.

"மீஞ்சூர்க்காரர் எழுதினது மெய். அந்தத் துப்பாக்கியை வாங்கு. என் வார்த்தையை நம்பி வாங்கு."

இதுவரை நான் தப்பு எதுவும் செய்யவில்லை, கவனித்துக்கொள். அந்தக் கடிதம் மெய்தான்.

அன்று சாயங்காலமே வேலப்பனுக்குக் கார்டு போட்டேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. எனக்கு மனப்பாடம், பார்க்காமலே சொல்வேன்.

'அம்மா, அந்தக் கடிதம் நான் எழுதினதுதான். வாங்கின முதல் மாதம் எழுதினது. மூன்றாம் மாதம் உள்ளே ஏதோ தேய்ந்துபோய், குழலை மடக்கிக் குண்டு போட்டு நிமிர்த்தினால் விசையைத் தொடாமலே சுட்டுவிடுகிறது. என் தம்பிக்கு உதடும் பல்லும் போயிற்று. என் கடிதத்தை எடுத்துவிடுங்கள் என்று கம்பெனிக்கு மூன்று தரம் எழுதிவிட்டேன், எடுக்கவில்லை. நீங்கள் வாங்காதீர்கள். வாங்கவில்லை என்று எனக்கு ஒரு வரி எழுதவும். வேலப்பன்.'

கார்டை ஜெபப் புத்தகத்தில் வைத்தேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி போட்டேன். சோறு வெந்து வடிக்கிறவரை யோசித்தேன். என்னிடம் அவர்கள் கேட்டது என்ன? கடிதம் மெய்யா பொய்யா என்பது. அதற்கு நான் சொன்ன பதில் சரி. துப்பாக்கி நல்லதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒரு துப்பாக்கி தேய்ந்தால் எல்லாத் துப்பாக்கியும் தேயுமா? இப்படியெல்லாம் யோசித்தேன். அம்புரோஸின் பல்லும் கண் முன்னால் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

வேலப்பன் பாவம், ஒரு வரி கேட்டிருந்தாரே. 'வாங்கவில்லை, நன்றி' என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன். அன்று அது பொய்யில்லை, கண்ணு. துப்பாக்கிக்கு மணியார்டர் திங்கட்கிழமைதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கார்டைத் தூக்கிக் காட்டினேன், விலாசம் இருக்கிற பக்கத்தை. "ஆள் இருக்கார். அவரே எழுதினதுதானாம்" என்றேன். அம்புரோஸ் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, "தோத்துட்டேன் தாயே, ஆள வுடு" என்றான். ஒரே சிரிப்பு. உன் அப்பா மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மீஞ்சூர்னா ரயில்ல ஒரு மணி நேரம். நேரா போய் அந்தாளாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடட்டாக்கா?"

"எதுக்கு? கார்டுதான் வந்திருக்கே. இடுப்பு வலியோட ரயில்ல நிக்கப் போறியா?"

"அதுவும் கரெக்ட்டுதான்" என்றான். அவன் இடுப்பின் மேல் எனக்கு நிஜமாகவே அக்கறை இருந்தது.

துப்பாக்கி வந்தது. வேலை கிடைத்தது. முதல் மாசம் ரெண்டு புறாவை உரித்து மிளகு போட்டு வறுத்து, தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டேன். காலண்டரில் தேதி கிழிக்கும்போது மட்டும் இது எத்தனையாவது மாசம் என்று என்னையறியாமல் எண்ணிக்கொள்வேன். மூன்றாம் மாசம் பிறந்ததும் அவனை வழியில் பார்த்துச் சொல்லவும் செய்தேன்: "நிமிர்த்தும்போது எதிரில் யாரும் நிற்காமல் பார்த்துக்கோ, தம்பி." அவன் சிரித்தான். "எதுர்ல புறாதான்க்கா நிக்குது." சொல்லாமல் விட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

அந்த மாசக் கடைசியில், சாப்பாட்டு நேரத்தில், அடைக்கலமேரி துடைப்பத்தோடு அவன் எதிரில் வந்து நின்று, சாப்பிட வா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவன் துப்பாக்கியை நிமிர்த்தியிருக்கிறான். குண்டு அவள் இடது கண்ணில். பிறகு ஆறு மாசத்தில் வலது கண்ணும் மங்கி அணைந்துவிட்டது. சில பேருக்கு அப்படி ஒன்றைத் தொடர்ந்து மற்றதும் போகுமாம், டாக்டர் சொன்னார்.

அதற்கு முதல் நாள் அவர்களுக்குள் சண்டை, தெருவே கேட்டிருந்தது. உன்னை போர்டிங்கில் சேர்க்கலாம் என்று அவள், வேண்டாம் என்று அவன். அது போதாதா? தெரிந்தே சுட்டான் என்று பேச ஆரம்பித்தார்கள். படுக்கையில் கிடந்த உன் அம்மா காதிலும் விழுந்தது. முதலில் அவள் நம்பவில்லை. இருட்டில் நாள் முழுக்கக் கிடக்கிறவளுக்கு யோசிக்க வேறென்ன இருக்கிறது? நம்பிவிட்டாள்.

உன் அப்பா என்னிடம் வந்தான். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான்.

"மாதா மேல ஆணை. டிரிக்கர நான் தொடலக்கா. வெரலு அது மேலயே இல்ல. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. அடைக்கலமே நம்பல. அந்த மீஞ்சூர் ஆளுக்கு இப்டி எதுனா ஆச்சான்னு ஒரு கார்டு போட்டுக் கேளுக்கா. ஆச்சுன்னு அவரு ஒரு வார்த்த எழுதிட்டாருன்னா போதும், அத அவளுக்குப் படிச்சுக் காட்டிடுவேன்."

கேட்கிறேன் என்றேன். அந்தக் கார்டு அவனுக்கு மூன்று அடி தள்ளி, அலமாரியில், ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. எட்டு நாள் கழித்து மறுபடி வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"எழுதினார்" என்றேன். "அப்படி எதுவும் ஆகலையாம், தம்பி. நல்லாத்தான் சுடுதாம்."

அவன் ரொம்ப நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நாந்தான் தொட்டுட்டேனாக்கா?" என்றான்.

"தெரியாமல் பட்டிருக்கும். கைக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் தொடவில்லை என்று சொன்னதில்லை. உன்னைத் தூக்கும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வானாம், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தபசு காலம் தொடங்கின வாரம் அலைதடுப்புக் கற்கள் மேல் நடந்துபோனான். மூன்றாம் நாள் எண்ணூர் முகத்துவாரத்தில் பிணமாகக் கரை ஒதுங்கினான். தானாக உயிரை விட்டவனோ என்று கல்லறையில் இடம் கொடுக்கச் சாமியார் தயங்கினார். இடுப்பு சரியில்லாதவன், கால் தவறிவிட்டது, நான் அவனை அறிவேன் என்று நான்தான் போய்ச் சொன்னேன். அந்த இடம் நான் வாங்கிக் கொடுத்தது. அதை அவனுக்குச் செய்தேன்.

வேலப்பன் ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறார். இந்த வருஷத்தோடு பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: 'உங்கள் வீடாவது தப்பியது, அது எனக்கு ஆறுதல்.' நானும் பதில் போடுவேன். நல்ல மனுஷன், அவர் தூக்கத்தை ஏன் கெடுக்க வேண்டும்?

எனக்குத்தான் ஒன்று சரியாக இல்லை. உன் அம்மா செவ்வாய் தவறாமல் வந்து முதல் பெஞ்சில், எனக்கு நேர் எதிரே உட்காருகிறாள். நான் நன்றிக் கடிதம் வாசிக்கும்போது முகத்தை நிமிர்த்துவாள். பார்வை இல்லாத அந்த முகம் நிமிர்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சத்தம் கேட்கிறது, பெரிய சத்தம் இல்லை, ஈரத்துணியை உதறினாற்போல. மற்றவர்களுக்குக் கேட்பதில்லை. கோயில் மாடத்துப் புறாக்கள் மட்டும் அந்த நேரத்தில் எழும்பிப் பறக்கின்றன, அது நிஜமா என்று அம்புரோஸைக் கேட்டேன். எந்தப் புறா என்றான்.

ஒருமுறை அவளே கேட்டாள். "அக்கா, மீஞ்சூர்க்காரர் கார்டு வெச்சிகினுகீறியா? ஒரு வாட்டி படியேன், கேக்கறேன்." படித்தேன். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். 'துப்பாக்கி நன்றாக உழைக்கிறது, தோள் வலிதான் போகவில்லை' என்று. தோள் வலியைச் சேர்த்ததும் அவள் தலையாட்டினாள். கார்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்துதான் அவள் வீட்டில் உன் அப்பா பெயரை யாரும் எடுக்கக் கூடாதென்றாள்.

ஆக, ஃப்ளோரன்ஸ், உன் அப்பா விசையைத் தொடவில்லை. அந்தத் துப்பாக்கி கெட்டது என்று அவன் வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்க வைத்தேன். தெரிந்துதான் அவன் மேலேயே பழியைப் போட்டேன், அதை அவனே நம்பும்வரை.

எழுந்திருக்காதே. கார்டையும் கேட்காதே. அது மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது, கை பட்டால் கிழிந்துவிடும். இப்போது போனால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். பத்திரிகையில் அப்பா பெயரைப் போடு. அப்பா தொடவில்லை என்று அம்மாவிடம் சொல். அவ்வளவு போதும், மற்றதெல்லாம் வேண்டாம். கண்ணும் இல்லாதவள், நம்பிக்கொண்டிருக்க அவளுக்கு யாராவது ஒருத்தர் வேண்டுமல்லவா? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், ஞானம் பெரியம்மா சொன்னாள் என்று சொல். உடனே நம்பிவிடுவாள்.