ஏழாம் நம்பர்ப் பெட்டி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போனை அணைத்துவிடுங்கள்... முகமெல்லாம் நீலமாகத் தெரிகிறது. இந்தக் கதை சொல்லும்போது நீலம் எனக்கு ஆகாது.

இரவு ஒன்றே முக்கால். கோலா கெத்தில் டவுனைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற மண் சாலை. மழை விட்டு அரை மணி நேரம் இருக்கும். சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர் அந்தோணிதாஸ், என் கூட்டாளி டெனிஸின் தாய்மாமா. அந்தத் தோட்டத்து மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர். ஹேண்டிலில் ஒரு கோணிப்பை தொங்குகிறது. பை நிறைய ஆந்தை கக்கிய உருண்டைகள்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். எலும்பும் ரோமமும் செரிக்காது. அதைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிக் கக்கிவிடும். பக்கத்துத் தோட்டத்து ஆந்தைப் பெட்டிகளுக்குக் கீழே குனிந்து குனிந்து அதைத்தான் பொறுக்கிக்கொண்டு வருகிறார் மனுஷர், ஐம்பத்தொன்பது வயதில். விடிந்தால் தோட்டத்தில் பரிசோதனை.

எண்ணெய் எடுக்கிற இந்தச் செம்பனைக்குப் பெரிய எதிரி எலி. குலையில் பழத்தை விட்டுவைக்காது. அதனால் தோட்டத்தில் அங்கங்கே இரும்புக் கம்பம் நட்டு, மேலே பலகைப் பெட்டி வைத்து ஆந்தையைக் குடியேற்றுவார்கள். நம் ஆட்கள் சாவுக்குருவி என்று வாசலில் நின்று விரட்டுகிற அதே வெள்ளை மூஞ்சி ஆந்தைதான். குடும்பத்தோடு எலி பிடிக்கும். சம்பளம் கேட்காது, லீவு கேட்காது.

அந்தத் தோட்டத்துக்கு முதன்முதலில் நான்கு குஞ்சுகளைக் கொண்டுவந்தபோது வளர்த்ததே அந்தோணிதாஸ்தான். ஏழாம் நம்பர்ப் பெட்டி. பொழுது சாய்ந்ததும் கம்பத்தில் ஏணியைச் சாத்துவார். டங்... என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நான்கும் தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, ஸ்ஸ்ஸ்... என்று சீற ஆரம்பிக்கும். கோபமில்லை, பசி. இவர் எலிக்கறியை நறுக்கிக் குச்சியால் ஒவ்வொன்றுக்கும் ஊட்டுவார். பெரிதானதும் ஒன்றின் காலில் அடையாளத்துக்கு அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். அப்போது டெனிஸுக்குப் போன் பண்ணி, என் பிள்ளைகள் பறந்துவிட்டன என்று சொல்லிச் சிரித்தாராம். ஆறு வருடம் முந்திய கதை.

போன வருடம் எலி அதிகமாகிவிட்டது. புது மேனேஜர் வந்தார். அந்தோணிதாஸுக்கு ஓய்வு பெற ஆறு மாதம் பாக்கி. ஓய்வு என்றால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருடம் இருந்த வீடு. அவர் மனைவி கண்ணை மூடியதும் அங்கேதான். ஒரு மாதத்தில் எலி ஒழிய வேண்டும், வருகிற பரிசோதனையிலும் தோட்டம் தேற வேண்டும், தேறினால் இன்னும் மூன்று வருடம் வேலையும் வீடும் உண்டு என்றார் மேனேஜர். பரிசோதனை என்பது இந்தத் தோட்டம் காட்டையும் ஜீவராசிகளையும் கெடுக்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்பது. அது இல்லையென்றால் வெளிநாட்டுக்காரன் எண்ணெயைத் தொடமாட்டான். வருகிறவர்கள் முதலில் ஆந்தைப் பெட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தோணிதாஸ் வீட்டை நினைத்தார், எலி மருந்தை எடுத்தார். மெழுகில் பிடித்த நீலக் கட்டி, தொட்டால் விரலெல்லாம் நீலம். ஆந்தை இருக்கிற பக்கம் அதைப் போடக் கூடாது. தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடும். தள்ளாடுகிற எலியை ஆந்தை சுலபமாகப் பிடித்துத் தின்னும், குஞ்சுக்கும் ஊட்டும். பிறகு ஆந்தைக்கு ரத்தம் உறையாது. உள்ளேயே கசிந்து கசிந்து சாகும்.

இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தோட்டம் முழுக்க வாரி இறைத்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

எலி ஒழிந்தது. ஆந்தையும் ஒழிந்தது. பெரிதும் சிறிதுமாகப் பதினொன்று, மூக்கில் ரத்தம் கட்டாமல் ஒழுகியபடி செத்துக் கிடந்தன. யாருக்கும் தெரியாமல் பொறுக்கி, ஏழாம் நம்பர்க் கம்பத்தடியிலேயே குழி தோண்டிப் புதைத்தார். ஒன்றின் காலில் அந்த வளையம் இருந்தது. கழற்றக்கூட இல்லை, மண்ணைத் தள்ளினார்.

இப்போது புரிகிறதா கோணிப்பை எதற்கென்று? பெட்டிக்குக் கீழே உருண்டை கிடந்தால் மேலே ஆந்தை இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கம்பமாக நிறுத்தி, கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டே வந்தார். ஏழாம் நம்பருக்கு வந்து மோட்டாரை அணைத்தார். ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். பையில் கையை விட்டார்...

ஸ்ஸ்ஸ்...

கை அப்படியே நின்றது. பக்கத்துத் தோட்டத்து ஆந்தை வந்து தங்கியிருக்கும் என்று நினைத்தார். சந்தோஷம்கூடப் பட்டார், பாவி மனுஷன். டார்ச்சை மேலே அடித்தார். பெட்டி வாசலில் சிலந்திவலை அறுபடாமல் இருந்தது. ஈர ரோம வாடை. அதோடு பழைய ஆணியை நக்கினால் வருமே, அந்த ரத்த வாடை.

ஸ்ஸ்ஸ்...

சத்தம் மேலேயிருந்து வரவில்லை. காலடியிலிருந்து வந்தது.

பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது.

காலை எட்டு மணிக்குப் பரிசோதனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நீளமான கழியில் கேமராவைக் கட்டி ஏழாம் நம்பர்ப் பெட்டிக்குள் விட்டார்கள். வீடு போச்சு என்று நின்றார் அந்தோணிதாஸ். ஆனால் பார்த்தவர் முகம் மலர்ந்தது. நான்கு குஞ்சுகள், நல்ல ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டார். அந்தோணிதாஸின் தோளில் தட்டிப் படத்தையும் காட்டினார். நான்கு வெள்ளை முகம், நான்கும் வாயைப் பிளந்தபடி. இன்னும் பறக்காத குஞ்சுகள்... ஒன்றின் காலில் அலுமினிய வளையம்.

தோட்டம் தேறியது. மூன்று வருடத்துக்குக் கடிதமும் வந்தது. கடிதத்தை வாங்கக் கையை நீட்டினார், அதன்மேலேயே மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. அன்று முழுக்க நிற்கவில்லை.

சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, எலி மருந்து சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். மாதா மேல் ஆணையாக இல்லை என்றார் இவர். ரத்தம் உறைய மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். டெனிஸ் அவரைத் தன்னோடு பாக்கார் ஆராங்குக்கு அழைத்து வந்துவிட்டான். எந்த வீட்டுக்காக இத்தனையும் செய்தாரோ அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி மட்டும் தலையணைக்கு அடியில்.

பாக்கார் ஆராங்கில் வரிசை வீடுகள். செம்பனையும் கிடையாது, ஆந்தையும் கிடையாது. டெனிஸ் சமைத்ததைத்தான் சாப்பிட்டார். ஆனாலும் ஒவ்வொரு சோதனையிலும் ரத்தத்தில் விஷம் கூடிக்கொண்டே போனது. மூன்றாவது வாரம் டாக்டர் டெனிஸைத் தனியே கூப்பிட்டு, யாரோ இவருக்குத் தினமும் கொடுக்கிறார்கள், போலீசில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். பார்த்த பார்வையில் அந்த யாரோ டெனிஸ்தான் என்று இருந்தது.

அன்று ராத்திரி டெனிஸ் தூங்கவில்லை. மாமா அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தான். ஒன்றே முக்கால் இருக்கும். உள்ளேயிருந்து...

ஸ்ஸ்ஸ்...

கதவைத் திறந்தான். கட்டிலில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார் அந்தோணிதாஸ். முகம் ஜன்னல் பக்கம். தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, சீறிக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை. ஆனால் தொண்டை ஏறி இறங்குகிறது. எதையோ விழுங்குகிறார்... மறுபடியும் வாயைத் திறக்கிறார்.

டெனிஸ் தோளைப் பிடித்து உலுக்கினான். "என்னா மாமா பண்றீங்க? யாரு என்னா குடுக்கறா?"

அவர் திரும்பவே இல்லை. "ஏணி சத்தம் கேக்குதுடா, டெனிஸ்" என்றார். "உனக்குக் கேக்கல?"

டெனிஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் அப்போதே ஜன்னலைச் சாத்தி, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தான். அவரோடு அதே அறையில், கதவில் முதுகைச் சாய்த்து, விளக்கை அணைக்காமல் விடியும்வரை விழித்திருந்தான். அவர் அசையாமல் தூங்கினார். ஓர் எறும்புகூட உள்ளே வரவில்லை என்று இன்றும் சத்தியம் பண்ணுவான்.

ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்க எழுப்பினான். வாயைத் திறங்க மாமா என்றான்.

திறந்தார். நாக்கு நீலமாக இருந்தது.