கிரகணத்துக்கு ஒரு ஃபில்டர்

இந்த ஊரில் கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்குத்தான் மரியாதை, இன்ஸ்பெக்டர் சார். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் எடுப்பது வேறு மாதிரி. போட்டோ காகிதத்தின் மேல் இலை, கொசுவலை, உடைந்த கண்ணாடி என்று எதையாவது பரப்பி வெயிலில் வைத்தால் அதன் நிழலே படமாகிவிடும். கேமரா வேண்டாம்.

பீளமேட்டில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். முதல் வருடம் ஒன்பது பேர் வந்தார்கள். தொண்ணூற்றைந்தில் ராமாமணி மட்டும்தான். முப்பத்திரண்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, தம்பி குடும்பத்தோடு இருந்தாள். என்னைவிட நன்றாகச் செய்தாள். மற்ற ஆறு நாளும் நான் யாரோடும் பேசவில்லை என்பது, ஞாயிற்றுக்கிழமை அவளிடம் வாய் திறக்கும்போது குரல் எழும்பாமல் கரகரப்பதில்தான் எனக்கே தெரியவரும்.

புரட்டாசியில் ஒருநாள் சொன்னாள்.

"சார், பெங்களூர்ல படிக்க எடம் கெடச்சிருச்சுங்க. வேலைய உட்டுப்போட்டுத் தை மாசம் போயிருவனுங்க."

"நல்லதுங்க அம்மணி" என்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். மாடிக்கு வரச்சொன்னேன். பார்ப்பதற்கு ஒரு ஃபில்டர் செய்து வைத்திருந்தேன். கழுவிய கலர் பிலிம், மூன்று அடுக்கு, அட்டைச் சட்டம். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி தங்கியிருக்கும், அது கண்ணைக் காக்கும். கலரில் தங்காது. அதன் வழியே பார்த்தால் கண் கூசாது, வலிக்காது, உள்ளே வெந்துவிடும். பழைய மாணவர்களுக்கு நானே பாடமாகச் சொன்னதுதான்.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க சார். அழகா இருக்குதுங்க."

நடுவில் ஒருமுறை, போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் பாருங்க என்றேன்.

மறுநாள் முதல் எதைப் பார்த்தாலும் நடுவில் கறுப்பாக ஓட்டை விழுந்திருக்கிறது என்றாள். இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பெங்களூர் போகவில்லை.

அதன்பிறகு தம்பி கண்ணையாதான் ஞாயிறுதோறும் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவான். நான் என் படங்களை அவளுக்கு வாயால் சொல்வேன். கவனமாகக் கேட்பாள். மத்தியானம் வரை இருப்பாள்.

போன வாரம் கேட்டாள். "நீங்களும் அன்னைக்குப் பாத்தீங்களே சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களா?"

"நான் உங்களைத்தானுங்க பாத்துட்டிருந்தேன்."

அதை அவள் வீட்டில் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன், அவள் வைத்திருந்த அந்த அட்டைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான்.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ராமாமணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.