அம்மா சாப்பிட்டாங்களா?

ஐயையோ, என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! எம் பொண்ணை நானே பட்டினி போடுவேனா? சரி, நீங்க கோவப்படறது நியாயம்தான். ஸ்கூல்ல இத்தனை பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறவங்க, எந்தப் பிள்ளை முகம் வாடுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இருங்க, கையைத் துடைச்சுக்கறேன். நீங்க கூப்பிட்டதும் டயர் கடையில போட்டது போட்டபடி ஓடி வந்துட்டேன்.

ஆமா, அந்தச் சீட்டுல இருக்கறது என் கையெழுத்துதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் குடுத்து விடறீங்களே, அடுத்த வாரம் எந்த நாளைக்கு என்ன சாப்பாடு வேணும்னு டிக் அடிக்கற சீட்டு. அஞ்சு நாளும் வடிகட்டின சூப்பு, மசிச்ச காரட். உடம்பு சரியில்லாத பிள்ளைங்களுக்குன்னு கடைசியில போட்டிருக்கீங்கல்ல, அதேதான். நான் அடிக்கலக்கா, பாப்பாதான் அடிக்கறா. எட்டு வயசுதான், ஆனா பிடிவாதம்னா பிடிவாதம். அப்படியே அவங்க அம்மா.

டாக்டரா? அவளுக்கு எதுக்குக்கா டாக்டர்? கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு. போன வருஷம் வரைக்கும் கோழி வறுவல்னா தட்டைக் கழுவவே வேணாம், அப்படி வழிச்சுத் தின்னுவா. நோய் அவங்க அம்மாவுக்குத்தான். தொண்டையில. சூப்பைத் தவிர எதுவும் இறங்காது, அதுவும் குடிக்க மாட்டா. மத்தியானம் கடையைச் சாத்திட்டு ஓடுவேன். கெஞ்சுவேன், கத்துவேன், ஒரு தடவை கிண்ணத்தையே விட்டெறிஞ்சேன், பாவி நான். ம்ஹூம், வாயை இறுக்கி மூடிக்குவா.

அப்பத்தான் பாப்பா சொன்னா, அம்மா, நாம ரெண்டு பேரும் கூட்டு, பன்னெண்டரைக்கு எங்க ஸ்கூல்ல மணி அடிக்கும், நீ வீட்டுல என்ன சாப்பிடறியோ அதையேதான் நானும் சாப்பிடுவேன், நீ விட்டா நானும் விட்டுடுவேன்னு. எம் பொண்டாட்டி சிரிச்சுட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாக்கா. அடுத்த நாள் பன்னெண்டரைக்கு அரைக் கிண்ணம் உள்ள போச்சு. எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. பிள்ளை இளைக்கறது தெரியத்தான் செஞ்சுது, தெரியாத மாதிரி இருந்துட்டேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம கேட்பா, அம்மா சாப்பிட்டாங்களாப்பா? முழுசா சாப்பிட்டாங்கடான்னு சொல்லுவேன்.

செவ்வாய்க்கிழமை பாப்பா வாந்தி எடுத்ததாச் சொன்னீங்களே, அது வயித்துக் கோளாறு இல்லக்கா. பக்கத்துல உட்கார்ற பொண்ணு ஒரு துண்டு கோழி குடுத்திருக்கு. ஆசை யாரை விட்டுது, வாயில போட்டுட்டா. முழுங்கினப்புறம் பயம் வந்துடுச்சு. ஓடிப் போய் விரலை விட்டு எடுத்திருக்கா. வீட்டுக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. நான் மாத்தித் தின்னுட்டேனே, அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுமாப்பான்னு. ஒண்ணும் ஆகாதுடா கண்ணுன்னேன். நான் சாப்பிடறதாலதானே அம்மா சாப்பிடறாங்கன்னா. ஆமான்னுட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?

யாரு, அவங்க அம்மாவா? அவ வந்து ஒரு வார்த்தை சொன்னா பாப்பா கேட்டுப்பாதான், நீங்க சொல்றது சரிதான். அவ எப்படிக்கா வருவா? அவ போயி அஞ்சு வாரம் ஆச்சு. பாப்பாவை எங்க அக்கா ஊருக்கு அனுப்பி வச்சுட்டு எல்லாத்தையும் முடிச்சேன். ஆஸ்பத்திரியில இருக்காங்க, சின்னப் பிள்ளைங்களை உள்ள விட மாட்டாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இன்னமும் தினம் கேட்கறா. முழுசா சாப்பிட்டாங்கன்னு தினம் சொல்றேன். இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன். இப்ப எந்த வாயால சொல்லுவேன்? அந்த ஒரு துண்டாலதான் அம்மா போயிட்டாங்கன்னு காலம் பூரா நினைச்சுக்குவாளேக்கா.

ஐயோ, அழாதீங்க. மணி அடிக்கற நேரம், இப்ப வந்துடுவா. கண்ணைத் துடைங்கக்கா, பார்த்தா ஏன்னு கேட்பா.