வளைவில்லாத ரோடு

– அப்போ ஒரு வளைவுகூடக் கெடையாதா? சும்மா கேக்குறேன்.

– இல்லப்பா. இங்க பாருங்க, மேப்புல ஸ்கேல் வச்சு இழுத்தாப்புல போகுது. மஸ்கட்லருந்து சலாலாவுக்கு ஆயிரம் கிலோமீட்டரு. அதுல நடுவுல ஒரு நானூறு கிலோமீட்டரு ஒரே நேரு. ஸ்டியரிங்கத் திருப்பவே வேண்டியதில்லன்னு முனீஸ் அண்ணன் சொல்லுச்சு.

– திருப்பலேன்னா டிரைவரு கைய வச்சுக்கிட்டு என்ன செய்வான்?

– பாட்டுக் கேப்பாங்க. வேற என்ன செய்வாங்க?

– அது சரி. இருபத்தேழு வருசமா வட்டவடைக்கும் மூணாறுக்கும் ஜீப்பு ஓட்டுறேன், ஒருநாளும் அரைக் கிலோமீட்டரு நேரா போனதில்ல. நேரா போனா தூக்கம் வந்துருமே தாயி.

– வருமாம். அதுக்குத்தான் ரோட்டோரத்துல வரிவரியா மேடு போட்டு வச்சுருக்காங்களாம். டயரு அதுல ஏறுச்சுன்னா வண்டி பூரா தடதடன்னு ஆடுமாம்.

– அட! ரோடே தட்டி எழுப்பிவிடுமா?

– ஏங்க, ரோடு எழுப்புறது கெடக்கட்டும். அந்தப் பூண்ட இந்தப் பக்கம் தள்ளுங்க. நேத்து மழைக்கு முந்திப் புடுங்குனது. இன்னைக்கே தாளோட சேத்து முடிஞ்சு பொகைக்கு மேல தொங்கவிடலேன்னா அழுகிப் போகும்.

– தள்ளிட்டேன் சாந்தம்மா. மழைக்கு ஆரஞ்சு அலர்ட்டுன்னு சவாரியும் இல்ல. இன்னைக்குப் பூரா நான் ஒனக்குத்தான் கூலியாளு. மோனிசா, நீ சொல்லு. பெட்ரோலு எப்படி?

– இங்க உள்ளதுல பாதி வெலைதானாம். ஆனா ஒரு பங்க விட்டா அடுத்த பங்கு எப்ப வரும்னு சொல்ல முடியாதாம். பாக்குற எடத்துல எல்லாம் நிரப்பிக்கணும்னு அண்ணன் சொல்லிருக்கு.

– குறுக்க எதுவும் வருமா? இங்கன்னா காட்டெருமை, ஆனை. அங்க?

– ஒட்டகம்.

– ஒட்டகமா? ஹாரன் அடிச்சா நகருமா, இல்ல ஆனை மாதிரி நம்மதான் பின்னால எடுக்கணுமா?

– அத நான் கேக்கலப்பா. எழுதி வச்சுக்கிறேன். நேத்து நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் வந்துருக்கு. அங்க வலது பக்கமாத்தான் போகணும், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். கியர் போட வேண்டியதில்ல, வண்டியே மாத்திக்கிரும்.

– வண்டியும் வளைக்க வேண்டாம், கியரும் போட வேண்டாம். அப்ப டிரைவருன்னு ஒருத்தன் எதுக்கு?

– இந்தாருங்க, நான் ஒண்ணு கேக்குறேன். ஆயிரம் கிலோமீட்டரு போயி அங்க அப்படி என்னத்தப் பாக்கப் போறோம்?

– அம்மா, ஊரு பூரா பாலைவனம். சலாலாவுல மட்டும் இந்தச் சீசன்ல மல முழுக்கப் பச்சையாயிரும். சாரல் அடிக்கும். மூடுபனி வந்து எறங்கும். அதப் பாக்கவே அரபு நாட்டுக்காரங்க எல்லாம் குடும்பத்தோட கார் எடுத்துக்கிட்டு வருவாங்களாம். அடிபொளியா இருக்குமாம்.

– மூடுபனியா? கதவத் தொறடி. வாசல்ல நிக்குது பாரு. இதப் பாக்கவா ப்ளேனு ஏறணும்?

– பனியப் பாக்க இல்லம்மா. அண்ணனப் பாக்க.

– பாக்காம என்ன? பொழுதன்னைக்கும் போன்ல பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஓணத்துக்குத்தான் காரட்டுக்கு வெலை. அந்த நேரத்துல யாரு தோட்டத்த விட்டுட்டுப் போறது?

– திருவோணத்துக்கு முந்துன நாளே லோடு எல்லாம் போயிரும்மா. எனக்குப் பத்து நாள் லீவு. அப்பாவுக்கும் அந்த வாரம் கழிஞ்சா சவாரி கொறையும். அண்ணனுக்கு எட்டு நாள் லீவு கெடைச்சிருக்கு. எல்லாம் பொருந்தி வருது. நீ ஒருத்திதான் பொருந்த மாட்டேங்குற.

– நான் என்னடி செஞ்சேன்?

– பாஸ்போர்ட்டு ஆபீசுக்கு ரெண்டு தடவ டேட் எடுத்துக் குடுத்தேன். மொதத் தடவ தலவலின்ன. ரெண்டாந் தடவ பெரியம்மா வீட்டுல விசேசம்ன. அங்க போய்க் கேட்டா விசேசமே இல்ல. எனக்கும் அப்பாவுக்கும் பாஸ்போர்ட்டு வந்து ஒரு மாசமாச்சு. அண்ணன் போன வச்ச ஒடனே அடுப்படியில போயி அழறது யாரு? நீதான. இப்பப் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னா காரட்டுங்குற, பூண்டுங்குற. சீரியஸாவே எனக்குப் புரியலம்மா.

– அழறது எம்பாடு. அது கெடக்கட்டும். நீ முடிச்சப் போடு ஒழுங்கா.

– விடு தாயி, அவ வருவா. அப்புறம், நான் ஒண்ணு கேக்க நெனச்சேன். அவன் அங்க எந்த வண்டி ஓட்டுறான்?

– யாரு?

– அவன்தான். முனீஸ்வரன்.

– தண்ணி டேங்கரு. ரோடு போடுற எடத்துக்குத் தண்ணி கொண்டுபோற வண்டி.

– எத்தன டயரு?

– பத்துன்னு நெனக்கிறேன். போட்டோ இருக்கு. பாக்குறீங்களா?

– குடு. பெரிய வண்டிதான். தண்ணிய முக்கா அளவு ரொப்பி ஓட்டுறது சாமானியம் இல்ல. வண்டி நின்னாலும் உள்ள தண்ணி நிக்காது, முன்னால தள்ளும். அதுக்குப் பிரேக்க ஒரேயடியா மிதிக்கக் கூடாது. அது அவனுக்குத் தெரியுமான்னு சும்மா கேளேன்.

– நீங்களே கேளுங்களேன்ப்பா. நம்பர் போட்டுத் தரேன்.

– வேண்டாம், வேண்டாம். அவன் வேலையில இருப்பான்.

– இந்த ஒரு மாசமா நீங்க கேட்ட அத்தனையும் அண்ணன்ட்டக் கேக்க வேண்டிய கேள்விப்பா. நடுவுல நான் போஸ்ட்மேன் மாதிரி. சரி, இப்ப நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டே காரியந்தான் பாக்கி. ஒண்ணு அம்மா பாஸ்போர்ட்டு. இன்னொண்ணு உங்களுக்கு இன்டர்நேஷனல் பெர்மிட்டு. உங்க லைசென்ஸ வச்சு அப்ளை பண்ணுனா கெடைச்சிரும். திங்கக்கெழம அக்ஷயா சென்டருக்குப் போவோம்.

– எனக்கு எதுக்குப் பெர்மிட்டு?

– ஓட்டப் போறது நீங்கதானே.

– வெளிநாட்டுலயா? அவன் இருக்கும்போது நானா?

– அண்ணன் ஒத்துக்கிருச்சு. வாடகைக்கு ஏழு சீட்டு வண்டி. நீங்க ஓட்டுறீங்க, அம்மா பக்கத்துல, நானும் அண்ணனும் பின்னால. அண்ணன் வழி மட்டும் சொல்லும். இதச் சொல்லவே எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சொல்லிருறேன். எனக்கு அப்ப பன்னண்டு வயசு. ஏழாங்கிளாசு. குண்டளைக்கு மேல அந்த வளைவுல நம்ம ஜீப்பு தலகீழாக் கெடந்துச்சு. பூண்டு மூட்டை எல்லாம் பள்ளத்துல. அண்ணன்கூட வண்டியில போன செபாஸ்டின் சேட்டன் கால் ஒடிஞ்சு ரோட்டுல படுத்துக் கத்துனாரு. அண்ணன் நெத்தியில ரத்தம். நீங்க காய்ச்சலோட கம்பளியப் போத்திக்கிட்டு வந்து எறங்குனீங்க. வந்த ஒடனே அண்ணன அறைஞ்சீங்க.

– ஏய் மோனிசா. போதும்.

– நீ இரும்மா. ஊரே நின்னுச்சு. ‘இனி நீ ஓட்டுற வண்டியில எம்பொணங்கூட ஏறாது’ன்னு சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டு நின்னேன். ஆறு மாசத்துல அண்ணன் போயிருச்சு. அஞ்சு வருசமாச்சு, வரல. அதான் அண்ணன் சொல்லுச்சு, ‘நான் ஓட்டுனா அப்பா ஏறாது. அப்பாவே ஓட்டட்டும், எல்லாரும் ஒரே வண்டியில போனாப் போதும்’னு.

– அப்படியா சொன்னான்?

– அப்படித்தான் சொல்லுச்சு.

– பெர்மிட்டு வேண்டாம் தாயி.

– அப்பா, ப்ளீஸ். இதயும் கெடுத்துறாதீங்க.

– கெடுக்கல. அவன் ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து வாரேன்.

– நெசமாவா?

– நெசமாத்தான். ஆனா அதுக்கு முந்தி உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும். சொல்லாம ஏறுனா அந்தச் சீட்டு எனக்குக் கொள்ளாது.

– இப்ப எதுக்குங்க பழச எல்லாம்? மழ வலுக்குது. அந்தத் தார்ப்பாய இழுத்துவிட்டு வாங்க. போங்க.

– இரு சாந்தம்மா. அந்த வண்டி கவுந்ததுக்கு முந்துன நாளு. மூணாறுலருந்து திரும்பி வாரேன். டாப் ஸ்டேசன் வரைக்கும் ஏத்தந்தான், ஒண்ணும் தெரியல. பாம்பாடுஞ்சோலை எறக்கத்துல மிதிச்சா, பெடலு அடிவரைக்கும் போகுது. பிரேக் புடிக்கல. ரெண்டு மூணு தடவ மிதிச்சு மிதிச்சு விட்டாத்தான் கொஞ்சம் புடிக்குது. ஆயில் எங்கயோ கசியுதுன்னு தெரிஞ்சு போச்சு. கியர்லயே உருட்டி வீடு வந்து சேந்தேன். காலைல ஒர்க்‌ஷாப்புல விடணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் படுத்தேன். விடியும்போது ஒடம்பு அனலாக் கொதிக்குது. கண்ணத் தொறக்க முடியல. முழிச்சுப் பாத்தா வண்டி இல்ல. அவன் சாவிய எடுத்துட்டு மூட்டையோட கெளம்பிட்டான்.

– அப்ப பிரேக்கு?

– இல்லாத பிரேக்கத்தான் அவன் மிதிச்சிருக்கான்.

– அண்ணன் அன்னைக்கே சொல்லுச்சேப்பா! பிரேக் புடிக்கலப்பா, புடிக்கலப்பான்னு அழுதுச்சே. நீங்க என்ன சொன்னீங்க?

– வண்டியக் கவுத்த எவனும் அதத்தான் சொல்லுவான்னு சொன்னேன்.

– தெரிஞ்சுக்கிட்டேவா?

– தெரிஞ்சுக்கிட்டேதான்.

– ஏம்ப்பா?

– என்னத்தச் சொல்றது? செபாஸ்டின் கால் தொங்குது. சுத்தி அம்புட்டு டிரைவருமாரும் நிக்கிறாங்க. நல்லதம்பி ஜீப்புன்னா கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்னு பேரு. அந்த நல்லதம்பி, பிரேக் போனது தெரிஞ்சும் வாயத் தொறக்கலன்னு ஊருக்குத் தெரிஞ்சா? அத நெனச்சு முடிக்கிறதுக்குள்ள கை நீண்டுருச்சு. அறைஞ்சாச்சு. அறைஞ்ச பெறகு எப்படி மாத்திச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அவன் பெட்டியத் தூக்கிட்டு ஜீப்பு ஸ்டாண்டுல வந்து நின்னான் பாரு, அன்னைக்காவது சொல்லியிருக்கலாம். வேற ஜீப்புல ஏத்திவிட்டுட்டு நான் டீக்கடைக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டேன்.

– மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாமேப்பா. காய்ச்சல்ல மறந்துபோச்சுன்னு.

– காலைல மறந்தது நெசந்தான். அவன அறையும்போது மறக்கல தாயி. சொல்லாம விட்டேன். ரெண்டும் ஒண்ணாகாது.

– எனக்கு உங்க மேல அவ்வளவு கோவம் வருதுப்பா.

– வரட்டும்.

– அஞ்சு வருசமா அண்ணன் என்ன நெனச்சுக்கிட்டு இருக்கு தெரியுமா? தான்தான் சரியா மிதிக்கலையோன்னு. இன்னைக்கும் பத்துத் தடவ பிரேக்க மிதிச்சுப் பாத்துட்டுத்தான் டேங்கர எடுப்பேன்னு எங்கிட்டச் சொல்லுச்சு.

– பத்துத் தடவன்னா சொன்னான்?

– ஆமா.

– அப்பச் சொல்லியே ஆகணும். அந்த நேர் ரோட்டுல போகும்போது பக்கத்துல உக்காந்து சொல்லிருறேன்.

– ஓட்டிக்கிட்டு இருக்கும்போது சொல்லாதீங்க. நடுவுல ஹைமான்னு ஒரு ஊரு வருது. சாப்பிட எறங்குவோம். அங்க வச்சுச் சொல்லுங்க. நான் மேப்புல அந்த எடத்துல புள்ளி வைக்கிறேன். இல்லேன்னா இப்பவே போன் போடட்டுமா?

– போன்ல வேண்டாம். ஊரு முன்னால மொகத்துல அறைஞ்சேன். மொகத்தப் பாத்துத்தான் சொல்லணும். அவன் திருப்பி அறைஞ்சாலும் வாங்கிக்கணும்.

– அண்ணன் அறையாது. ஆனா வண்டியத் திருப்பி மஸ்கட்டுக்கே கொண்டுபோனாலும் போகும். அத நீங்க தாங்கித்தான் ஆகணும்.

– தாங்கிக்கிறேன். திரும்பி வந்து செபாஸ்டினையும் போயிப் பாக்கணும்.

– அம்மா, கேட்டுக்கிட்டியா? திட்டும்மா. உம்பிள்ளய அஞ்சு வருசம் பாக்க விடாமச் செஞ்சுட்டாரு. நாலு வார்த்த நறுக்குன்னு கேளு.

– கேக்க எனக்கு வாயில்லடி.

– சாந்தம்மா, உங்கிட்டக்கூட நான் இத்தன நாளாச் சொல்லல. என்னய என்ன வேணா சொல்லு.

– நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்? முந்துன நாளு மூணாறு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு உங்க பக்கத்துச் சீட்டுல உக்காந்து வந்தது யாரு?

– நீதான். ஆனா நீ தூங்கிக்கிட்டுல்ல வந்த?

– கண்ணத்தான் மூடியிருந்தேன். நீங்க பெடல மிதிச்சு மிதிச்சு ‘மாரியாத்தா, மாரியாத்தா’ன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்கள்ல, அதயும் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.

– அம்மா?

– அவன் சாவிய எடுக்கலங்க. மூட்டை கெடக்கேன்னு, தூங்குன பிள்ளயத் தட்டி எழுப்பி, சாவிய அவன் கையில குடுத்து அனுப்புனவ நான்தான்.