மஞ்சள் வைத்த கோட்டு

“அக்கா, மிலானில மூண்டு நாள் கால் நோக நடந்து எடுத்த கோட்டு. அதில கறித்தூளே பூசினனீ?”

விம்பிள்டனில் புறப்பட்ட டிராமில் எனக்கு முன் இருக்கையில் இரு சகோதரிகள். மூத்தவர் போட்டிருந்த வெள்ளைக் கம்பளிக் கோட்டின் கழுத்தோரத்தில் விரல் நுனியளவு மஞ்சள் நிறம்.

“கறித்தூள் இல்லை, மஞ்சள். புது உடுப்பு எண்டால் மஞ்சள் தொட்டுத்தானே போடுறது.”

“அது புதுசில்லை.”

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார்.

“அப்ப என்ன?”

“செகண்ட் ஹாண்ட். அங்க காசுக்காரர் ரெண்டு தரம் போட்டிட்டு விக்கிற பெரிய பெயர் உடுப்புக்கெண்டே கடையள் இருக்கு. நான் ஏறி இறங்காத கடையில்லை.”

“என்ர அம்பதாவது பிறந்தநாளுக்கு ஆரோ கழட்டினதைத் தந்தனீ. புதுசு எண்டும் சொன்னனீ.”

“பழசெண்டால் நீ தொட்டும் பாக்கமாட்டாய். நான் தந்த ஒரு உடுப்பையும் நீ இதுவரைக்கும் போட்டதில்லை.”

“அதுக்குப் பொய் சொல்லுவியோ?”

“பிடிக்காட்டிக் கழட்டித் தா. நான் போடுறன்.”

மஞ்சள் பட்ட கோட்டை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. கழுவி வெயிலில் காயவிட்டால் கறை மங்கும். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெளியே மழை.

இறங்கும் நிறுத்தம் நெருங்க, அக்கா எழுந்து, கழுத்துப் பொத்தான் வரை பூட்டினார்.

“தரேலாது. மஞ்சள் வைச்சாச்சு, இனி இது எனக்குப் புதுசு. நீ என்னோட இறங்காதை. அடுத்த நிறுத்தத்தில இறங்கி நடந்து வா. நடக்கத்தான் உனக்கு ஏலுமே.”