பெருமை அவன் ஒருவனுக்கே

மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, கோத்தகிரிக் கடைவீதிப் பெருமக்களே, துரைமார் தடுத்தும் தோட்டத்தை விட்டு இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! ஜவுளிக்கடை மக்பூல் பேசுகிறேன்.

நம் உதுமான் லெப்பை அவர்களை அடக்கம் செய்துவிட்டோம். வெள்ளிதோறும் தொழுகை முடிந்ததும் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடந்தே போய், இறைவனின் திருநாமங்களைக் கற்றுக்கொடுத்தவர் அவர். மனப்பாடம் செய்தால் விட்டுவிடுவாரா? 'அர்-ரஹ்மான், அளவற்ற அருளாளன்' என்று சொன்னவன் அன்றைக்கு யாரிடம் இரக்கம் காட்டினான் என்று கேட்பார். பதில் இல்லாதவனுக்கு அடுத்த பெயர் கிடையாது. பொறுமையாளன் என்னும் 'அல்-ஹலீம்' என்ற பெயரை நான் இன்னும் தாண்டவில்லை.

'அல்-முதகப்பிர்', பெருமைக்கு உரியவன். அந்தப் பெயர் வந்தபோது மட்டும் எச்சரித்தார். "இதைத் தெரிஞ்சுக்கலாமுங்க. எடுத்துப் போட்டுக்கக் கூடாது."

சென்ற வெள்ளியன்று, காய்ச்சலால் வேலைக்குத் தாமதமாக வந்த தோட்டத் தொழிலாளி ஆறுக்குட்டியைத் தன் பூட்ஸ் காலில் விழச் சொன்னான் எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்ன துரை. வகுப்புக்குப் போன லெப்பை குறுக்கே நின்றார்.

"பெருமைங்கிறது ஆண்டவனோட பேருங்க, துரை. மனுசனைக் கால்ல விழ வெக்காதீங்க."

அந்தப் பூட்ஸ் கால் அவர் நெஞ்சில் பாய்ந்தது. கல்லில் தலை மோதி விழுந்தார். ஞாயிறன்று உயிர் பிரிந்தது. மழையில் வழுக்கி விழுந்தாராம், எஸ்டேட் ஆபீஸ் சொல்கிறது. நம்புகிறீர்களா? நம்பச் சொல்கிறவனை மன்னிப்பீர்களா?

படுக்கையில் கிடந்தவரிடம், "அந்தக் காலை முறிச்சுப் போட்டுட்டு வர்றேனுங்க" என்றேன்.

"பழி தீர்க்கிறதும் ஆண்டவனோட பேருதான், மக்பூல். உங்க வேலை நடந்ததை வெளியே கொண்டு வர்றது" என்றார்.

அவர் சொல்லைத் தட்டமாட்டேன். ஆனால் என் நெஞ்சு ஆறவில்லை என்பதையும் மறைக்கமாட்டேன். கொன்றவன் கூண்டில் நிற்க வேண்டும். அவன் கைவிலங்கின் சத்தம் என் காதில் விழ வேண்டும்.

பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அங்கம்மா எல்லாவற்றையும் பார்த்தவர். "வழுக்கி விழுந்தாருன்னு சொல்லு, இல்லைன்னா லைனைக் காலி பண்ணு" என்று கங்காணி மிரட்டினான். "காலி பண்ணிக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, இதோ, துணி மூட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

லெப்பையின் வெள்ளிக்கிழமை வகுப்பு நிற்காது. அரைகுறையாகக் கற்ற நானே நடத்துவேன். நான் கொடுத்த புகார் வரும் திங்கட்கிழமை குன்னூர் கோர்ட்டுக்கு வருகிறது; அங்கே அங்கம்மா சாட்சி சொல்வார். அதுவரை அவருக்கு என் வீடே வீடு. என் மனைவி ஆபிதா உலை வைத்துவிட்டாள். அவரை மிரட்ட நினைப்பவன் என் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வரட்டும். காத்திருக்கிறேன்.